தெரியும், தெரிகிறது

மூன்று வாரமாக ஒரே ஒரு பறவைப் படம் என் கணினியில் மூடப்படாமல் கிடக்கிறது. சிட்டுக்குருவியைவிடச் சின்னதாக ஒரு பறவை, நமக்கு முதுகைக் காட்டியபடி ஒரு நாணல் தண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. முதுகு பழுப்பும் பாசிப்பச்சையும் கலந்த நிறம். தலையை லேசாகத் திருப்பியிருப்பதால் கன்னத்தில் கறுப்புப் பட்டையின் ஓரம் மட்டும் கீற்றாகத் தெரிகிறது. தொண்டை, மார்பு, வயிறு எதுவும் படத்தில் இல்லை, எல்லாம் அந்தப் பக்கம். படத்தைப் பார்த்துப் பறவையின் பெயரைச் சொல்ல நான் பயிற்சி கொடுத்திருந்த ஒரு மாடலிடம், அதாவது உதாரணங்களில் இருந்து கற்கும் ஒரு கணினி நிரலிடம், இந்தப் படத்தைக் காட்டினேன். காமன் யெல்லோத்ரோட் என்று சரியாகச் சொன்னது. எதை வைத்து அப்படிச் சொல்கிறது என்பதற்கு ஒரு பட்டியலும் கொடுத்தது. பட்டியலின் முதல் வரி: தொண்டை மஞ்சள், 0.97.

எனக்கு ஒரே சந்தோஷம். விடை சரி, காரணமும் சரி, அந்தப் பறவையின் பெயரிலேயே மஞ்சள் தொண்டை இருக்கிறது. பக்கத்து அறையில் இருந்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அக்காவுக்கு இருபது வருடமாகப் பறவை பார்க்கிற பழக்கம், கணினி விஷயங்களில் ஆர்வம் கிடையாது. திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து படத்தைப் பார்த்தாள், பட்டியலைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

“தொண்டை எங்கடா இருக்கு இதுல?”

அந்தக் கேள்வியை என்னால் இன்னும் கீழே வைக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கே என்பதற்கும் என்ன என்பதற்கும் நடுவில்

படம் பார்க்கும் மாடல்கள் ஏன் ஒரு முடிவுக்கு வருகின்றன என்று காட்டுவதற்கு இந்தத் துறையில் பல வருடங்களாக நம்பி வந்தது ஹீட்மேப்பைத்தான். 2017-இல் வந்த கிராட்-கேம் போன்ற முறைகள் படத்தின் மேல் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு படலத்தைப் பூசி, மாடலின் முடிவுக்கு எந்தப் பகுதி முக்கியமாக இருந்தது என்று காட்டும். நானும் நிறைய செய்திருக்கிறேன், அறிக்கைகளில் ஒட்டியிருக்கிறேன். ஒருமுறை ஒரு திட்டத்துக்காக இப்படி ஒரு ஹீட்மேப்பை அந்தத் துறையின் நிபுணர் ஒருவரிடம் காட்டியபோது அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “சரி, இந்த இடத்தைப் பார்த்திருக்கு. அங்க என்னத்தைப் பார்த்துச்சு?” என்று கேட்டார். நிறத்தையா, வடிவத்தையா, ஓரத்தின் சொரசொரப்பையா? படலம் எதையும் சொல்லாது. அது விரலை நீட்டிக் காட்டும், வாயைத் திறக்காது. அதைவிடப் பெரிய அடி 2018-இல் விழுந்தது. மாடல் கற்றதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் எண்களை (எடைகள் என்பார்கள்) கலைத்து அதை ஒன்றும் தெரியாத நிலைக்குக் கொண்டுபோன பிறகும் இந்த வகை முறைகளில் சில கிட்டத்தட்ட அதே படத்தைத்தான் வரைகின்றன என்று ஒரு ஆய்வு காட்டியது. கிராட்-கேம் அந்தச் சோதனையில் தப்பித்தது, வேறு சில தப்பவில்லை. மாடல் எதையும் கற்காதபோதும் அழகான விளக்கம் வருகிறது என்றால் அந்த விளக்கம் மாடலைப் பற்றியதே இல்லை, படத்தில் இருக்கும் கோடுகளைத் திரும்ப வரைந்து காட்டுவதுதான்.

அதனால்தான் மனிதர்கள் பேசும் சொற்களிலேயே விளக்கம் கேட்கலாம் என்ற வழி என்னை அவ்வளவு இழுத்தது. துறையில் இதைக் கான்செப்ட் என்பார்கள். பறவை பார்ப்பவர்கள் அடையாளம் என்பார்கள், எனக்கு அந்தச் சொல்தான் பிடித்திருக்கிறது. அலகு வளைந்திருக்கிறதா, இறக்கையில் பட்டை இருக்கிறதா, வால் கவையாகப் பிரிகிறதா என்பதெல்லாம் அடையாளம். தமிழில் உயிரினங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் இதைத்தான் செய்திருக்கிறார்கள்: வரிக்குதிரை, கரண்டிவாயன், வெண்மார்பு மீன்கொத்தி. பெயரைச் சொல்லும்போதே அடையாளமும் வந்துவிடுகிறது.

2018-இல் பீன் கிம்மும் அவருடன் இருந்தவர்களும் டிகேவ் என்ற முறையை வெளியிட்டார்கள். அதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணமும் வரிக்குதிரைதான். கோடுகள் உள்ள படங்கள் கொஞ்சம், சம்பந்தமில்லாத படங்கள் கொஞ்சம் எடுத்துக்கொண்டு இரண்டையும் மாடலுக்குள் அனுப்ப வேண்டும். நடு அடுக்கு ஒன்றில் எழும் எண்களை வைத்து இரண்டு குவியலையும் ஒரு நேர்கோட்டால் பிரிக்க வேண்டும். அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாகப் போகும் திசைதான் மாடலுக்குள் ‘வரி’ என்பதன் திசை. வரிக்குதிரைப் படம் ஒவ்வொன்றையும் அந்தத் திசையில் துளி நகர்த்திப் பார்த்தால், எத்தனை படங்களில் வரிக்குதிரை என்ற முடிவு இன்னும் வலுக்கிறது என்று எண்ணிவிடலாம். மாடலை மறுபடி பயிற்ற வேண்டாம், நம் சந்தேகத்துக்கு ஏற்ற படங்களைச் சேர்த்தால் போதும். தோல் மருத்துவர்கள் சந்தேகமான மச்சத்தைச் சுற்றிப் பேனாவால் குறியிடுவதுண்டு. அந்த ஊதா மை படத்தில் இருந்தாலே ஒரு மாடல் புற்றுநோய்க்கான மதிப்பெண்ணைக் கூட்டிவிடுகிறது என்று 2019-இல் ஒரு ஆய்வு காட்டியது. இந்த மாதிரி இடத்தில் மை இருக்கும் படங்களைச் சேர்த்து ‘மை’ என்பதையே ஒரு அடையாளமாக வைத்து மாடலை விசாரிக்க முடியும். அப்படி நாம் சந்தேகப்பட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நாம் கேட்காத அடையாளத்தைப் பற்றி அது தானாக எதையும் சொல்லாது.

குறுகிய கழுத்து

நான் செய்து பார்த்தது இதற்கு அடுத்த படி. 2020-இல் பாங் வெய் கோவும் மற்றவர்களும் வெளியிட்ட கான்செப்ட் பாட்டில்நெக் மாடல். பெயரிலேயே விஷயம் இருக்கிறது: படத்தில் இருந்து விடைக்குப் போகும் பாதை குடுவையின் கழுத்து மாதிரி ஒரு இடத்தில் குறுக வேண்டும், அந்தக் கழுத்தில் மனிதர்கள் வைத்த அடையாளங்கள் மட்டும் நிற்க வேண்டும். மாடலின் முதல் பாதி படத்தைப் பார்த்து, மஞ்சள் தொண்டை உண்டா, முகமூடி மாதிரிப் பட்டை உண்டா, அலகு கூம்பு வடிவமா என்று ஒவ்வொன்றுக்கும் 0-க்கும் 1-க்கும் இடையில் ஒரு எண் தரும். இரண்டாம் பாதிக்குப் படமே போகாது, இந்த எண்களை மட்டும் பார்த்து எந்தப் பறவை என்று முடிவு செய்யும். இதன் அழகு என்னவென்றால் நடுவில் கை வைக்கலாம். அலகு வடிவத்தை மாடல் தப்பாகக் கணித்திருந்தால் தெரிந்தவர் ஒருவர் அந்த ஒரு எண்ணை மாற்றினால் போதும், விடை அங்கேயே திருந்தும். முழங்கால் எக்ஸ்ரேயிலும் அந்த ஆய்வு இதைச் செய்து காட்டியது. மூட்டு இடைவெளி குறுகியிருக்கிறதா, எலும்பு முள்போல வளர்ந்திருக்கிறதா என்பவை அங்கே அடையாளங்கள். துல்லியத்திலும் பெரிய இழப்பு இல்லை. பறவைகளில் சாதாரண மாடல் 100-க்கு 82 சொச்சம் சரியாகச் சொன்ன இடத்தில், அடையாளம் வழியாகப் போன மாடல்களில் நன்றாக வந்தது 80-ஐத் தொட்டது.

அந்தப் பறவைகள் 2011-இல் கால்டெக், யு.சி. சான் டியேகோ என்ற இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வெளியிட்ட தொகுப்பில் உள்ளவை. 200 வகை, 11,788 படங்கள், பெரும்பாலும் வட அமெரிக்கப் பறவைகள். ஒவ்வொரு படத்துக்கும் 312 அடையாளங்களுக்கு இணையத்தில் கூலிக்கு வேலை செய்தவர்கள் உண்டு, இல்லை என்று குறித்திருக்கிறார்கள். 200-வது வகை, பட்டியலின் கடைசிப் பறவை, காமன் யெல்லோத்ரோட். நான் அதே தொகுப்பை எடுத்து, எல்லோரும் பயன்படுத்தும் வழியிலேயே சுத்தம் செய்து, 112 அடையாளங்களாகக் குறைத்துப் பயிற்சி கொடுத்திருந்தேன்.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள்

“தொண்டை எங்கடா” என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வேறு ஏதாவது துப்பு இருந்திருக்கும், அதை வைத்து ஊகித்திருக்கும் என்றேன். “ஊகிச்சா ஊகிச்சேன்னு சொல்லணும். பார்த்த மாதிரி எழுதியிருக்கே” என்றாள். சரி, நீயே மாற்று, இதில் அந்த வசதி இருக்கிறது என்று விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினேன். என்ன எண் போடணும் என்று கேட்டாள். தொண்டை தெரியாததால் 0 போடு என்றேன். போட்டாள். உடனே விடை மாறி, மஞ்சள் தொண்டையே இல்லாத வேறொரு வார்ப்ளரின் பெயர் வந்தது (யெல்லோத்ரோட்டும் சேர்ந்த சிறு பறவைக் கூட்டத்துக்கு வார்ப்ளர் என்று பெயர்).

அக்கா என்னைப் பார்த்தாள். “நான் தொண்டை மஞ்சள் இல்லைன்னு சொல்லலையே. தெரியலைன்னுதானே சொன்னேன்?”

அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. அந்தக் கழுத்தில் இல்லை என்று சொல்ல இடம் இருக்கிறது, தெரியவில்லை என்று சொல்ல இடமே இல்லை. நடுவில் 0.5 போட்டுப் பார்த்தோம், அதுவும் சரிவரவில்லை. 0.5 என்றால் இந்த மாடலுக்குப் பாதி மஞ்சள் என்றுதான் அர்த்தம்.

அக்கா தூங்கப் போன பிறகு நான் தரவுக் கோப்புகளைத் திறந்து உட்கார்ந்தேன். மாடல் பொய் சொல்லக் கற்றுக்கொண்டது எப்படி என்று பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், ஆனால் கிடைத்தது வேறு. முதலில், நான் ஓட்டிய சுத்தம் செய்யும் நிரல். கூலிக்குக் குறித்தவர்கள் பறவை நிபுணர்கள் கிடையாது என்பதால் ஒரே வகைப் பறவைக்கு ஒருவர் பழுப்பு என்பார், இன்னொருவர் சாம்பல் என்பார். இந்தக் குழப்பத்தைக் குறைக்க ஒரு விதி உண்டு: ஒரு வகையின் படங்களில் பாதிக்கு மேல் ஒரு அடையாளம் உண்டு என்று குறிக்கப்பட்டிருந்தால், அந்த வகையின் எல்லாப் படங்களுக்கும் அது உண்டு. இந்த விதி மூல ஆய்விலேயே வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது, யாரும் மறைக்கவில்லை, அப்படிச் செய்ததற்குக் காரணமும் நியாயமானது. நான் அதை முன்பே படித்திருந்தேன். படித்தபோது அது வெறும் சுத்தம் செய்யும் வேலையாகத்தான் பட்டது.

இப்போது அந்த முதுகுப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தபோது அதன் பொருளே மாறிவிட்டது. இந்த விதிக்குப் பிறகு எல்லா யெல்லோத்ரோட் படங்களுக்கும் ஒரே 112 உண்டு-இல்லைகள். முன்னால் இருந்து எடுத்த படம், பின்னால் இருந்து எடுத்த படம், இலைக்குள் பாதி மறைந்த படம், எல்லாவற்றுக்கும் அதே வரிசை. அப்படியானால் அந்த வரிசை படத்தைப் பற்றியது இல்லை, வகையைப் பற்றியது. பறவையின் பெயரையே 112 துண்டாக வெட்டி எழுதி வைத்திருக்கிறோம். மாடலின் முதல் பாதிக்கு ஒவ்வொரு அடையாளத்தையும் தனியாகத் தேட வேண்டிய அவசியமே இல்லை, எந்தப் பறவை என்று எப்படியாவது கண்டுபிடித்துவிட்டு அதற்குரிய வரிசையை ஒப்பித்தால் முழு மதிப்பெண் கிடைக்கும். நாம் கேட்டது அடையாளத்தில் இருந்து பெயருக்கு. அது போவது பெயரில் இருந்து அடையாளத்துக்கு. முடிவை முதலில் எடுத்துவிட்டுக் காரணத்தைப் பிறகு எழுதுவது என்பார்களே, அதைத்தான் நாமே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். மாடல் பொய் சொல்லவில்லை. பின்பக்கத்தில் இருந்து எடுத்த படத்துக்கும் தொண்டை மஞ்சள் என்று எழுதிக் கொடுத்து, இதுதான் சரியான விடை என்று சொன்னவன் நான்.

இரண்டாவதாகக் கிடைத்தது இன்னும் உறுத்தியது. குறிப்புக் கோப்பில் ஒவ்வொரு வரியிலும் உண்டு-இல்லைக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கிறது, 1-இல் இருந்து 4 வரை. எவ்வளவு உறுதி என்று குறித்தவர்கள் சொன்னது: 4 என்றால் நிச்சயம், 3 என்றால் அநேகமாக, 2 என்றால் ஊகம், 1 என்றால் தெரியவில்லை. அந்தப் பகுதி படத்தில் தெரியவில்லை என்பது ஒரு தனி எண்ணாகவே அங்கே இருக்கிறது! எங்கோ உட்கார்ந்து, ஒரு படத்துக்குச் சில காசு வாங்கிக்கொண்டு, முன்பின் தெரியாத பறவைகளைப் பார்த்துக் குறித்த யாரோ ஒருவர், தனக்கு எது தெரியவில்லை என்பதையும் பதிவு செய்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அக்கா கேட்ட கேள்விக்கான இடம் 2011-இலேயே அந்தத் தொகுப்பில் இருந்தது. என் கைக்கு வந்து, பெரும்பான்மை விதியில் கரைந்து, மாடலுக்குப் போகும்போது காணாமல் போய்விட்டது.

ஒரே வினைச்சொல்

மறுநாள் காலையில் அக்காவிடம் ஒன்று கேட்டேன். நீயும்தான் அந்தப் படத்தைப் பார்த்ததும் யெல்லோத்ரோட் என்றாய், உனக்கு மட்டும் தொண்டை தெரிந்ததா? அவள் யோசிக்கவே இல்லை. “தொண்டை மஞ்சள்னு எனக்குத் தெரியும். ஆனா இந்தப் படத்துல தெரியல.”

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். தமிழில் அறிவதற்கும் கண்ணில் படுவதற்கும் ஒரே சொல்தான், தெரி. மலை தெரிகிறது, பாட்டு தெரியும். தினமும் பேசுகிறோம், ஒருவரும் குழம்புவதில்லை, ஏனென்றால் தெரியும் என்பதையும் தெரிகிறது என்பதையும் எங்கே எதைப் போட வேண்டும் என்று நாக்குக்கு நன்றாகத் தெரியும். தெரியும் என்பது நமக்குள் ஏற்கெனவே இருப்பது, தெரிகிறது என்பது இந்த நிமிடம் கண் முன்னால் இருப்பது. மாடலுக்கு நான் கொடுத்த லேபிள்கள், அதாவது அந்த உண்டு-இல்லைக் குறிப்புகள், முழுக்கத் தெரியும் என்ற வகை. மாடல் கொடுத்த பட்டியலை நான் வாசித்தது தெரிகிறது என்று. இடையில் இருந்த ஓட்டை அந்த ஒரு விகுதிதான்.

தெரிந்ததைச் சொல்வது தப்பில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் வெண்மார்பு மீன்கொத்தியை யாரும் பெயர் தெரியாப் பறவை என்று சொல்வதில்லை. பார்த்ததையும் தெரிந்ததையும் சேர்த்துத்தான் நாம் உலகத்தைப் புரிந்துகொள்கிறோம். ஆனால் காரணம் கேட்டால் பார்த்ததைத்தான் காரணமாகச் சொல்வோம். இந்தப் படத்தில் எதை வைத்து யெல்லோத்ரோட் என்கிறாய் என்று அக்காவிடம் கேட்டபோது திரையில் கன்னத்தின் மேல் விரலை வைத்தாள். கறுப்புப் பட்டைக்கு மேல் விளிம்பில், பெரிதாக்கினால் மட்டும் தெரிகிற ஒரு வெளிறிய கோடு இருந்தது. கெண்டக்கி வார்ப்ளர் என்று இன்னொன்று உண்டு, அதற்கும் கன்னத்தில் கறுப்பு உண்டு, முதுகும் பாசிப்பச்சை, ஆனால் அதற்குக் கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி மாதிரி மஞ்சள் இருக்கும், இந்த வெளிறிய கோடு இருக்காது என்றாள். நான் 112 அடையாளங்களையும் தேடினேன். 312-ஐயும் தேடினேன். முகமூடி மாதிரியான தலை என்று ஒன்று இருக்கிறது, நெற்றி நிறம் இருக்கிறது, உச்சந்தலை நிறம் இருக்கிறது. பட்டைக்கு மேல் வெளிறிய கோடு என்று எதுவும் இல்லை. அந்தப் படத்தில் இருந்த உண்மையான காரணத்தைச் சொல்ல மாடலிடம் சொல்லே இல்லை, இல்லாத காரணத்தைச் சொல்ல அழகான சொல் இருந்தது.

இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டும் கிடையாது. 2021-இலேயே ஒரு ஆய்வு இந்த வகை மாடல்களை எடுத்து, ஒவ்வொரு அடையாளத்தையும் படத்தின் எந்த இடத்தைப் பார்த்துச் சொல்கின்றன என்று தேடி, அடையாளத்தின் பெயருக்கும் மாடல் பார்க்கும் இடத்துக்கும் ஒட்டுறவு இல்லை என்று எழுதியிருந்தது. அதே வருடம் வேறு சிலர் கசிவு என்ற பிரச்சினையைச் சுட்டிக்காட்டினார்கள். முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் சேர்த்தே பயிற்றினால், 0.62, 0.64 என்று எண்களில் வரும் சின்ன வித்தியாசங்களுக்குள் அடையாளத்துக்குச் சம்பந்தமில்லாத தகவலை மாடல் ஒளித்து அனுப்பிவிடும், நாமோ அதை மஞ்சளின் அளவு என்று வாசித்துக்கொண்டிருப்போம். இதையெல்லாம் நான் முன்பே மேலோட்டமாகப் படித்தவன்தான். ஒரு பறவையின் முதுகைப் பார்த்த பிறகுதான் உள்ளே இறங்கியது.

பறவையோடு நிற்காது

பறவையில் இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வருத்தம். மருத்துவத்தில் அப்படி விட்டுவிட முடியாது. தோல் மருத்துவர்கள் ஒரு மச்சத்தைப் பார்க்கும்போது இரண்டு பாதியும் ஒத்திருக்கிறதா, ஓரம் ஒழுங்காக இருக்கிறதா, நிறம் ஒன்றா பலவா, 6 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா, நாளாக நாளாக மாறுகிறதா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். அடையாளம் வழியாகப் பேசும் மாடலுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது, அதனால்தான் இதைச் செய்ய ஆசைப்படுபவர்கள் நிறையப் பேர். ஆனால் நோயின் பெயரைத் தெரிந்துகொண்டு அதில் இருந்து ஓரம் ஒழுங்கற்றது என்று லேபிள் எழுதப்பட்டிருந்தால், மாடல் மை குறியைப் பார்த்துப் புற்றுநோய் என்று முடிவு செய்துவிட்டு, ஓரம் ஒழுங்கற்றது 0.95 என்று எழுதித் தரும். ஹீட்மேப்பாக இருந்தால் சிவப்பு அந்த மையின் மேல் விழுந்து, பார்ப்பவருக்குச் சந்தேகமாவது வந்திருக்கும். இங்கே மருத்துவருக்குத் தன் துறையின் சொல்லிலேயே, தான் எழுதுகிற மாதிரியே ஒரு காரணம் வந்துவிடுகிறது. நமக்குப் பழகிய சொல்லில் வந்த தவறை நாம் சந்தேகிப்பதில்லை. எனக்கு இதில் பயமாக இருப்பது அதுதான். முழங்கால் எக்ஸ்ரேயில் இந்த வேலை நம்பிக்கை தந்ததற்குக் காரணமும் எனக்கு இப்போது புரிகிறது: அங்கே அடையாளங்கள் ஒவ்வொரு எக்ஸ்ரேயையும் மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்து எழுதியவை. யாரோ ஒருவர் அந்த ஒரு படத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. மனிதர்களை வைத்து லேபிள் எழுதுவது செலவு என்பதால், எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் தரும் மொழி மாடலிடம் இந்தப் பறவையின் அடையாளங்களைப் பட்டியலிடு என்று கேட்டு வாங்கி, ஒவ்வொரு சொற்றொடரையும் கிளிப் (படமும் எழுத்தும் எவ்வளவு பொருந்துகின்றன என்று பார்க்கும் மாடல்) போன்ற ஒன்றிடம் கொடுத்துப் படத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளக்கிறார்கள். 2023-வாக்கில் இப்படிப் பல முறைகள் வந்தன, புத்திசாலித்தனமான வேலைதான், நானும் முயன்றேன். அந்த முதுகுப் படத்தைக் கொடுத்தேன். மஞ்சள் தொண்டையுள்ள பறவை என்ற சொற்றொடர் முதலிடத்தில் வந்து நின்றது. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மொழி மாடல் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை, அதற்கு யெல்லோத்ரோட்டைப் பற்றித் தெரியும். கிளிப் இணையத்தில் இருந்து எடுத்த 40 கோடிப் படங்களோடும் அவற்றின் பக்கத்தில் இருந்த எழுத்தோடும் வளர்ந்தது, ஒரு பறவையின் படத்துக்குப் பக்கத்தில் மனிதர்கள் எழுதுவது அதன் பெயரைத்தான். ஆப்பிள் பழத்தின் மேல் ஐபாட் என்று எழுதிய ஒரு காகிதத்தை ஒட்டினால் கிளிப் அதை ஐபாட் என்றே சொன்னதை 2021-இல் அதை உருவாக்கியவர்களே காட்டினார்கள். எழுதிய பெயர் முன்னால் இருக்கும்போது பழம் கண்ணில் படுவதில்லை. லேபிளை மனிதன் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், இந்தப் படத்தில் தெரிகிறதா என்று யாரும் கேட்காத வரைக்கும் வருவது தெரியும் மட்டும்தான்.

மூன்று பொத்தான், பிறகு நான்கு

அதனால் நாங்கள் கையாலேயே ஆரம்பித்தோம். 11,788 படங்களைத் தொடும் தெம்பு இல்லை. ஒன்றோடு ஒன்று குழம்பும் ஆறு வகைகளை மட்டும் எடுத்துக்கொண்டோம், யெல்லோத்ரோட்டும் கெண்டக்கி வார்ப்ளரும் அதில் உண்டு. அடையாளங்களை அக்கா தேர்ந்தெடுத்தாள். பட்டைக்கு மேல் வெளிறிய கோடு, கண்ணைச் சுற்றி மஞ்சள் இரண்டும் பட்டியலில் சேர்ந்தன. அலகு வடிவத்தில் எல்லாவற்றுக்கும் ஏற்றது என்று தொகுப்பில் ஒரு வகை இருக்கிறது, ஒன்றும் சொல்லாத அடையாளம் என்று அதை எடுத்துவிட்டாள். நான் ஒரு சின்னத் திரை எழுதினேன்: படம், கீழே ஒரு கேள்வி, மூன்று பொத்தான்கள். உண்டு, இல்லை, தெரியவில்லை. மாடலின் கழுத்தில் உண்டு என்றால் +1, இல்லை என்றால் −1, தெரியவில்லை என்றால் 0. அதாவது தெரியாத அடையாளம் முடிவை எந்தப் பக்கமும் இழுக்காது, சும்மா இருக்கும். ஒவ்வொரு அடையாளத்துக்கும் அது உண்டா என்ற கணிப்போடு, அந்த இடம் படத்தில் தெரிகிறதா என்ற கணிப்பையும் மாடல் தனியாகக் கற்க வேண்டும்.

முதல் நாள் மாலை பத்துப் படம்கூட முடிந்திருக்காது, அக்கா நிறுத்திவிட்டாள். “இந்தத் தெரியவில்லை பொத்தான் எதுக்கு? தொண்டை மறைஞ்சிருக்கு, அதுக்கா? இல்ல, தொண்டை தெரியுது, ஆனா வெளிச்சத்துல மஞ்சளா வெள்ளையான்னு எனக்குத் தெரியல, அதுக்கா?” அதே சொல் இங்கேயும் வந்து இரண்டாகப் பிரிந்து நின்றது. பொத்தானைப் பிரித்து மறைந்திருக்கிறது என்று ஒன்றும், சொல்ல முடியவில்லை என்று ஒன்றும் வைத்தேன். பழைய கோப்பில் 1-உம் 2-உம் தனித்தனியாக இருந்ததன் அருமை அப்போது புரிந்தது.

வேலை மெதுவாகத்தான் போகிறது. ஒரு படத்துக்கு மூன்று நான்கு நிமிடம் ஆகிறது. அக்கா படத்தைப் பெரிதாக்குவாள், சாய்வாகப் பார்ப்பாள், பக்கத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துவிட்டு நிறம் சொல்வாள். நான் நிரலாளனாக இத்தனை வருடத்தில் ஒரு படத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. இதுவரை குறித்த படங்களை வைத்து ஒரு சின்ன மாடலைப் பயிற்றிப் பார்த்தேன். ஆறு வகைகளுக்குள்ளும் விடையின் துல்லியம் பழையதைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கிறது. படங்கள் குறைவு என்பதும் காரணமாக இருக்கலாம், ஒப்பிக்கும் குறுக்குவழி அடைபட்டதும் காரணமாக இருக்கலாம், இரண்டையும் பிரித்துப் பார்க்க இன்னும் படங்கள் வேண்டும். அந்த முதுகுப் படத்துக்கு இப்போது வரும் பட்டியல் சின்னது. தொண்டை மறைந்திருக்கிறது. மார்பு மறைந்திருக்கிறது. முதுகு பாசிப்பச்சை, உறுதி. கன்னத்தில் கறுப்பு, ஓரளவு உறுதி. வெளிறிய கோடு, உறுதி குறைவு. விடையில் யெல்லோத்ரோட் முதலில் வருகிறது, கெண்டக்கி வார்ப்ளர் அதற்கு நெருக்கமாகவே நிற்கிறது. அக்கா விசைப்பலகையை இழுத்து வெளிறிய கோட்டை உண்டு என்று மாற்றினாள். கெண்டக்கி கீழே போனது.

நேற்று ராத்திரி ஒரு படத்தில் மாட்டிக்கொண்டோம். பறவை பறந்து படத்தின் ஓரத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறது, வாலும் ஒரு இறக்கையும் மட்டும் உள்ளே. கழுத்துப் பக்கம் ஒரு மஞ்சள் தீற்று இருக்கிறது, அது தொண்டையா, பின்னால் இருக்கும் இலையில் பட்ட வெயிலா என்று எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. நான் மறைந்திருக்கிறது என்றேன். அக்கா சொல்ல முடியவில்லை என்றாள். இரண்டையும் குறித்து வைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனோம்.